கஞ்சி மேல் விழுந்த பழி

"கஞ்சி குடிச்சாரா, குடிக்கலையா? அத்த மட்டும் சொல்லுங்க டாக்டரம்மா. மத்தத நான் பாத்துக்கறேன்."

என் அறைக்குள் நுழைந்து, கைப்பையை மேஜை மேல் வைத்து, உட்காரக்கூட உட்காராமல் நூர்ஜஹான் கேட்டது இது. அவருக்குப் பின்னால் கணவர் ஜலீல் பாய், வெள்ளைத் தொப்பியைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு, வீட்டுப்பாடம் எழுதாத பையனைப் போல நின்றிருந்தார். வெளியே பங்குனி வெயிலில் ஜிஎஸ்டி ரோடு கொதித்துக்கொண்டிருந்தது.

நான் இதய மருத்துவர். நெஞ்சு படபடக்கிறது என்று வருவார்கள், இடது தோள் வலிக்கிறது என்று வருவார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்துவிட்டது, எனக்கும் வருமா என்று கேட்டு வருபவர்கள்கூட உண்டு. புருஷன் கஞ்சி குடித்தானா என்று தீர்ப்புச் சொல்லக் கேட்டு அதுவரை யாரும் வந்ததில்லை.

"முதல்ல ரெண்டு பேரும் உக்காருங்க" என்றேன்.

ஜலீல் பாய் உட்கார்ந்தார். நூர்ஜஹான் உட்காரவில்லை.

வீட்டுக்கு வீடு போலீஸ்

மேற்குத் தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஸ்கூல் பேக், சூட்கேஸ், குடை விற்கும் கடை ஜலீல் பாயுடையது. நெடுங்காலச் சர்க்கரை. அது சத்தமில்லாமல் இரண்டு சிறுநீரகங்களையும் தின்று தீர்த்திருந்தது. வாரத்துக்கு மூன்று தரம் டயாலிசிஸ். இப்போது அவருக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்துவதாக ஏற்பாடு. கொடுக்கப் போகிறவர் நூர்ஜஹான். எல்லாம் பொருந்திவிட்டது, அனுமதியும் வந்துவிட்டது. நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு ஆபரேஷன் என்று நாளும் குறித்தாகிவிட்டது.

மிச்சம் இருந்தது ஒன்றுதான். இவர் இதயம் அந்த ஆபரேஷனைத் தாங்கும் என்று நான் சொல்ல வேண்டும். எக்கோ எடுத்து, பம்ப்பிங் நன்றாக இருக்கிறது என்பதுவரை சொல்லியிருந்தேன்.

டயாலிசிஸ் நோயாளி வீட்டில் தண்ணீர் என்பது பெரிய சமாச்சாரம். அவர்களுக்குச் சிறுநீர் அநேகமாகப் போகாது. குடிக்கிறதெல்லாம் அடுத்த டயாலிசிஸ் வரை உடம்பிலேயே கிடக்கும். அளவு மீறினால் கால் வீங்கும், நுரையீரலில் கோத்துக்கொள்ளும், மூச்சு முட்டும். ஆகவே அந்த வீடுகளில் யாராவது ஒருவர் போலீஸ் வேலை பார்ப்பார். பெரும்பாலும் மனைவி. சாம்பாரும் தண்ணீர்தான், மோரும் தண்ணீர்தான், தர்பூசணியும் தண்ணீர்தான் என்று அவர்களுக்கு எல்லாச் சட்டமும் அத்துப்படி. நூர்ஜஹான் இதில் கமிஷனர் அந்தஸ்து. பிரிட்ஜில் ஐஸ் கட்டியைக்கூட அவருக்குத் தெரியாமல் எடுக்க முடியாது என்று ஜலீல் பாயே ஒருமுறை பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

ஜலீல் பாய் நோன்பு வைப்பதில்லை. சிறுநீரக மருத்துவர் சேகர் கண்டிப்பாகக் கூடாது என்று சொல்லிவிட்டார், நோயாளிக்கு மார்க்கமும் சலுகை தருகிறது. ஆனால் ரமலான் மாதம் பிறந்துவிட்டால் மாலையில் பள்ளிவாசலுக்குப் போய், நோன்பு திறக்கிற வரிசையில் கூட்டாளிகளோடு உட்கார்ந்தால்தான் அவருக்கு மனசு ஆறும். அங்கே எல்லோருக்கும் கிண்ணத்தில் நோன்புக் கஞ்சி வரும். அரிசியும் பாசிப்பருப்பும் கொஞ்சம் கறியும் போட்டு, பூண்டும் வெந்தயமும் புதினாவும் மணக்க, தேங்காய்ப்பால் ஊற்றிக் காய்ச்சிய கஞ்சி. ஒரு தடவை நோயாளி ஒருவர் தூக்குவாளியில் கொண்டுவந்து கொடுத்ததை நான் எங்கள் சிட்லபாக்கம் வீட்டுக்குக் கொண்டுபோய், யாருக்கும் பங்கு கொடுக்காமல் சாப்பிட்டிருக்கிறேன். அதன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது லேசான காரியம் இல்லை.

பள்ளிவாசலுக்குப் போய்விட்டு வீடு திரும்பும்போது ஜலீல் பாய்க்குத் தினமும் மூச்சு வாங்கியது. வாசற்படியில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று இளைத்துவிட்டுத்தான் உள்ளே வருவாராம். மற்ற மாதங்களில் இது கிடையாது. ரமலானில் மட்டும்தான்.

இதைப் பார்த்தால் எந்தப் பெண்டாட்டிக்கும் என்ன தோன்றும்? நூர்ஜஹானுக்கும் அதேதான் தோன்றியது.

பேரீச்சம்பழ வாக்குமூலம்

"அல்லா மேல ஆணையா ஒரு சொட்டு தொடலீங்க டாக்டரம்மா" என்றார் ஜலீல் பாய்.

"ஆணை எல்லாம் வாணாம். வூட்டுக்கு வரச்சொல்ல புஸ்ஸு புஸ்ஸுன்னு இளைக்குதே, அது எங்கேர்ந்து வந்துச்சு?"

நூர்ஜஹான் பிறந்து வளர்ந்தது ராயபுரத்தில். சாதாரணமாகப் பேசும்போது தெரியாது. கோபம் வந்தால் ராயபுரம் வெளியே வந்துவிடும்.

"நான் சொல்லட்டுமா டாக்டரம்மா? இவருக்கு இந்த ஆபரேஷன் வாணாம். என் கிட்னி இவருக்கு வாணாம். வாயத் தொறந்து சொல்ல தைரியம் கிடையாது. அதான் கஞ்சியக் குட்ச்சு, மூச்சு வாங்கிகினு வந்து, உங்ககிட்ட பெயிலாவலாம்னு பாக்கறாரு."

இதைச் சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

வழக்கு கஞ்சியைப் பற்றியது இல்லை என்று எனக்குப் புரிந்தது. உடம்பிலிருந்து ஓர் உறுப்பை எடுத்துக் கொடுக்கத் தயாராக நிற்கிற பெண், அதை வாங்கிக்கொள்கிறவனுக்கு ஆசை இல்லையோ என்று சந்தேகப்படுகிறாள். அவமானமாக இருக்காதா?

ஜலீல் பாய் தொப்பியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெல்ல, "பேரீச்சம்பழம் ஒண்ணு சாப்புட்டேன்" என்றார்.

"இன்னாது?"

"கஞ்சி இல்ல. பழம். தெனமும் ஒண்ணே ஒண்ணு. எல்லாரும் வாயில போடும்போது நான் மட்டும் எப்படிம்மா..."

பேரீச்சம்பழத்தில் பொட்டாசியம் அதிகம். டயாலிசிஸ்காரர்களுக்கு அது எதிரி. நூர்ஜஹான் எழுந்தே விட்டார். நான் கையமர்த்தினேன். எனக்கு அந்த மனிதர் மேல் அந்தக் கணத்தில் முழு நம்பிக்கை வந்துவிட்டது. யாரும் கேட்காத குற்றத்தைத் தானே ஒப்புக்கொள்கிறவர், கேட்ட குற்றத்தைச் செய்திருந்தால் சொல்லியிருப்பார்.

"பாய், ராத்திரி படுத்தா மூச்சு முட்டுதா?"

"இல்லீங்க. படுத்தா சொகமா இருக்கு. ஒரே தலகாணிதான். நடந்தாதான்."

என் காது நிமிர்ந்தது. தண்ணீர் கோத்துக்கொண்டவருக்குப் படுத்தால்தான் அவஸ்தை. எழுந்து உட்கார்ந்தால் தேவலாம் என்று இருக்கும். இவர் கதை தலைகீழாக இருந்தது.

"எங்க நடந்தா?"

வீடு கிழக்குத் தாம்பரத்தில். கடையும் பள்ளிவாசலும் மேற்கில். மற்ற நாட்களில் கடையடைத்ததும் மகன் பைக்கில் கூட்டிவந்துவிடுவான். ரமலானில் வியாபாரம் சூடுபிடிக்கும், மகனால் கடையை விட்டு நகர முடியாது. ஆட்டோ என்றால் மேம்பாலத்தைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். அதனால் ஜலீல் பாய் அந்தி நேரத்து மக்ரிப் தொழுகை முடிந்ததும் ரயில்வே ஸ்டேஷன் நடைபாலத்தில் ஏறி, நடந்தே அந்தப் பக்கம் போய்விடுவார். வருஷத்தில் அவர் நடக்கிற ஒரே மாதம் இதுதான். படி ஏறுகிற ஒரே மாதமும் இதுதான்.

"நடுவுல நிப்பீங்களா?"

"நிப்பேன். போனு பாக்கற மாதிரி நிப்பேன். கொஞ்ச நேரத்துல சரியாயிடும். அப்புறம் போவேன்."

"நெஞ்சு வலி?"

"சே சே. அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க."

சிறுசேரிக் கடிகாரங்கள்

இந்த இடத்தில் வாசகர்கள் என்னைக் கொஞ்சம் வேறு பக்கம் போக விட வேண்டும்.

சிறுசேரி சாப்ட்வேர் கம்பெனிகளிலிருந்து வாரத்துக்கு நாலு பிள்ளைகளாவது என்னிடம் வருகிறார்கள். எல்லோர் மணிக்கட்டிலும் ஒரு கடிகாரம். அது நாடித்துடிப்பைச் சொல்லும், தூக்கத்தைச் சொல்லும், நேற்று மூன்றாம் மாடி ஏறியதைச் சொல்லும். "மேம், நேத்து மீட்டிங்ல ஹார்ட் ரேட் ஏறிடுச்சு" என்பான் ஒருவன். மீட்டிங்கில் ஏறாமல் வேறு எங்கே ஏறும்? பரோட்டாவால் வந்த வாயுவுக்கு ராத்திரியெல்லாம் கண் விழித்து, விடிந்ததும் ஓடி வருவான் இன்னொருவன். எல்லோருக்கும் இசிஜி எடுத்து, முதுகில் தட்டி அனுப்புவேன். குறை சொல்லவில்லை. பயந்து வருகிறவன் பிழைத்துக்கொள்வான்.

என் கவலை எப்போதும் பயப்படாமல் இருப்பவர்கள் மேல்தான். அதிலும் சிறுநீரகம் செயலிழந்தவர்கள் மேல். அவர்களுக்கு இதய நோய் வருவது மற்றவர்களைவிட மிக அதிகம். அதைக் கண்டுபிடிப்பது மற்றவர்களைவிட மிகக் கஷ்டம். என் தொழிலில் இதைவிட எரிச்சலான விஷயம் இல்லை.

யோசித்துப் பாருங்கள். நெஞ்சு வலிக்காது, சர்க்கரை நரம்புகளை மரத்துப்போகச் செய்திருக்கும். களைப்பாக இருக்கிறது என்றால் ரத்தம் கம்மி என்பார்கள். மூச்சு வாங்கினால் தண்ணீர். மாரடைப்பைக் காட்டுகிற ரத்தப் பரிசோதனை செய்தால், இவர்களுக்கு அந்த அளவு சும்மாவே கூடித்தான் இருக்கும். பல வருஷ ரத்தக்கொதிப்பில் இதயச் சுவர் தடித்து, இசிஜியும் கோணலாகத்தான் வரும். டிரெட்மில்லில் ஏற்றினால் இதயம் வேகம் பிடிக்கும் முன்னால் கால் ஓய்ந்துவிடும். இதயம் காட்டுகிற ஒவ்வொரு அறிகுறிக்கும் சிறுநீரகம் ஏற்கெனவே ஒரு காரணம் தயாராக வைத்திருக்கிறது. ஜலீல் பாய் விஷயத்தில் கூடவே ஒரு கிண்ணம் கஞ்சியும் சேர்ந்துகொண்டது.

போன வாரம் இந்தப் பத்தியில் நான் எழுதியதைப் படித்துவிட்டு, சிட்லபாக்கம் ஏரிக்கரையில் என்னோடு காலையில் நடக்கிற ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, "நீங்க ரொம்பத் தன்னம்பிக்கையோட எழுதறீங்க" என்றார். பாராட்டா குத்தலா தெரியவில்லை. நான் தன்னம்பிக்கையோடுதான் இருக்கிறேன். நடுங்குகிற கையோடு இந்த வேலையைப் பார்க்க முடியாது.

யாரும் படிக்காத போஸ்டர்

ஜலீல் பாயை எழுப்பி, "வாங்க, வெளியில கொஞ்சம் நடக்கலாம்" என்றேன். படியெல்லாம் ஏற்றுகிற உத்தேசம் இல்லை. மருத்துவமனை வராந்தாவில் மெதுவாக ஒரு நடை.

பக்கத்திலேயே நடந்தேன். கடை எப்படிப் போகிறது என்று கேட்டேன். ஆன்லைனில் பை வாங்கிவிட்டு, ஜிப் பிய்ந்ததும் இவரிடம் தைக்க வருகிறவர்களைப் பற்றி உற்சாகமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். பாதி தூரத்தில் பேச்சு குறைந்தது. சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பி, அங்கே ஒட்டியிருந்த போஸ்டரைப் படிக்க ஆரம்பித்தார்.

அது கை கழுவுவது எப்படி என்ற போஸ்டர். நான் அந்த மருத்துவமனையில் சேர்ந்த நாளிலிருந்து அதை ஒரு மனிதர் நின்று படித்து நான் பார்த்ததில்லை. ஜலீல் பாய் சோப்பு போடுவதிலிருந்து துடைப்பது வரை ஒவ்வொரு படமாகப் பார்த்தார். நெற்றியில் வியர்வை. நாடியைப் பிடித்தேன், ஓடிக்கொண்டிருந்தது. நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்தேன். நுரையீரல் சுத்தமாக இருந்தது, ஒரு சொட்டு நீர்ச் சத்தம் இல்லை. முந்தின நாள்தான் டயாலிசிஸ் முடிந்திருந்தது. காலில் வீக்கமும் இல்லை.

"படிச்சாச்சா?" என்றேன்.

"ஆச்சுங்க" என்று சிரித்தார். மூச்சு திரும்பி வந்திருந்தது.

அறைக்கு வந்து சேகருக்குப் போன் போட்டேன். நல்ல மனிதர், நல்ல மருத்துவர். என்னைவிட வயதில் சிறியவர், என்னிடம் மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதையாகப் பேசுவார்.

"எக்கோ நார்மல்தானே மேடம்? பம்ப்பிங் நல்லா இருக்குன்னு நீங்களே சொன்னீங்களே."

"ஸ்டாண்டுல நிக்கற ஆட்டோவப் பாத்து அது மேம்பாலம் ஏறுமான்னு சொல்ல முடியுமா சேகர்? அந்த எக்கோ அவர் சும்மா படுத்திருந்தப்ப எடுத்தது."

"தேதி தள்ளிப் போயிடுமே மேடம். அந்தம்மா ரொம்ப எதிர்பார்த்து இருக்காங்க."

"எதிர்ல உக்காந்துதான் இருக்காங்க. இன்னும் ஒரு டெஸ்ட் பண்ணாம நான் சம்மதம் தர மாட்டேன்."

போனை வைத்ததும் நூர்ஜஹான் பிடித்துக்கொண்டார். "இன்னா டாக்டரம்மா இது பேஜாரு? நான் கேட்டது ஒண்ணு, நீங்க செய்யறது ஒண்ணு. தேதி வச்சாச்சு. என் தங்கச்சி ஒரு மாசம் வந்து வூட்டப் பாத்துக்கறேன்னு சொல்லி லீவு போட்டுட்டா. எக்கோ நல்லாக்கீதுன்னு நீங்கதான சொன்னீங்க? இப்ப வாணாம்னா நாங்க வேற டாக்டராண்ட போறோம்."

எனக்கும் சுருக்கென்றுதான் வந்தது. "போங்க. ஆனா அவர் இதயத்துல அடைப்பு இருந்து, அது தெரியாம ஆபரேஷன் டேபிள்ல படுக்க வெச்சா, உங்க கிட்னியும் போகும், உங்க வீட்டுக்காரரும் போவார். ரெண்டையும் சேத்து இழக்கத் தயார்னா போங்க" என்றேன்.

கடுமையான பேச்சுத்தான். மாற்றிச் சொல்லத் தெரியாது எனக்கு.

நூர்ஜஹான் மேஜை மேலிருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "டெஸ்ட்டு பண்றப்ப நானும் உள்ள இருப்பேன்" என்றார்.

படுத்தபடி பாலம் ஏறியது

காலால் ஓட முடியாதவரின் இதயத்தை ஓட வைக்க வழி உண்டு. ஒரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக ரத்தத்தில் ஏற்றினால், ஆள் படுத்திருக்க, இதயம் மட்டும் வேகம் பிடிக்கும். அந்த நேரத்தில் எக்கோ கருவியால் சுவர்கள் எப்படி அசைகின்றன என்று பார்த்துக்கொண்டே இருப்போம். ரத்தம் ஒழுங்காகப் போகிற சுவர், வேகம் கூடக்கூட நன்றாக இறுக்கிப் பிடிக்கும். அடைப்புக்குப் பின்னால் இருக்கிற சுவர் பாதியில் திணறும்.

டயாலிசிஸ் முடிந்த மறுநாளாகப் பார்த்து வரச் சொன்னேன். தண்ணீர் மேல் பழி போட யாருக்கும் இடம் கொடுக்கக் கூடாது. இடது கை டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய் இணைத்த கை, அதைத் தொடக் கூடாது. வலது புறங்கையில் ஊசி ஏற்றினோம். தலைமாட்டில் ஸ்டூல் போட்டு நூர்ஜஹான் உட்கார்ந்தார். காலையிலிருந்து அவருக்குத் தான் ஒரு வாய் தண்ணீர்கூடத் தரவில்லை என்று உள்ளே வரும்போதே எனக்குத் தெரிவித்துவிட்டார்.

மருந்து ஏறியது. திரையில் இதயம் வேகம் பிடித்தது. முதலில் எல்லாச் சுவரும் நன்றாகவே அசைந்தன. ஒரு நிமிஷம் எனக்கே, வீணாக இவர்களை அலைக்கழித்துவிட்டேனோ என்று இருந்தது. அளவைக் கூட்டினேன்.

முன்பக்கச் சுவர் தயங்கியது. கூடவே பக்கவாட்டுச் சுவரும். வேலை நேரத்தில் கடையை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்ட மாதிரி, இதயத்தின் பாதிப் பகுதி அப்படியே நின்று பார்த்தது. மருந்தை நிறுத்தச் சொன்னேன்.

அதே சமயம் ஜலீல் பாய் நெற்றி வியர்க்க, "டாக்டரம்மா... ஸ்டேஷன் பிரிட்ஜு ஏர்ற மாதிரியே இருக்கு" என்றார். வாயைத் திறந்து இளைத்தார். அந்த வாசற்படி இளைப்பு.

வேகத்தைக் குறைக்கிற மருந்தைக் கொடுத்தேன். சில நிமிஷங்களில் மூச்சு அடங்கி, திரையில் அந்தச் சுவர்கள் மறுபடி அசையத் தொடங்கின. எனக்கு அப்போதுதான் தோள் தளர்ந்தது.

திரும்பிப் பார்த்தால் நூர்ஜஹான் அழுதுகொண்டிருந்தார். பயத்தில் அழுகிறார் என்று நினைத்தேன்.

"அப்ப இவரு குடிக்கல" என்றார். "ரம்ஜான் பொறந்ததுலேர்ந்து தெனமும் ஏசினேன் டாக்டரம்மா. நோன்பு வாயோட ஏசினேன்."

ஜலீல் பாய் படுத்தபடியே ஊசி போட்ட கையைத் தூக்கி அவர் தலையில் வைத்தார். "பழம் சாப்புட்டேன்ல, அதுக்கு சரியாப் போச்சு" என்றார். அந்த அறையில் அழுதுகொண்டே ஒருவர் சிரித்தார். இன்னொருவர், சிரிக்கக் கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொல்லியும் சிரித்தார்.

பாதி நிஜம்

அடைப்பு தென்பட்டால் எல்லாவற்றையும் உடனே திறந்துவிட வேண்டும் என்கிற கட்சி இல்லை நான். அதிலும் டயாலிசிஸ் நோயாளிகளில் பலருக்கு மாத்திரை போதும், கிளறினால்தான் வம்பு. ஆனால் இதயத்தின் பாதி நின்றுபோவதைக் கண்ணால் பார்த்த பிறகு ஆஞ்சியோகிராம் செய்யாமல் விட முடியாது. அதற்குச் செலுத்துகிற மருந்து சிறுநீரகத்துக்கு ஆகாது என்று சிலருக்குத் தள்ளிப்போடுவோம். இவருக்குக் கெடுவதற்கு அங்கே அநேகமாக எதுவும் மிச்சம் இல்லை.

ஆஞ்சியோ அறைக்கு வெளியே ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தபோது, பக்கத்தில் யாரும் இல்லையா என்று பார்த்துக்கொண்டு ஜலீல் பாய் என்னைக் கூப்பிட்டார்.

"டாக்டரம்மா, அவ சொன்னதுல பாதி நிஜம்தான். கஞ்சி குடிக்கல. ஆனா இந்த ஆபரேஷன் எப்படியாவது நின்னு போகணும்னு துஆ கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். எனக்கு என்னா ஆனாலும் சரி. நல்லா இருக்கற உடம்பக் கிழிச்சு எதுக்குங்க? நாளைக்கு அவளுக்கு ஒண்ணுன்னா நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு இருப்பேன்?"

"இத ஏன் எங்கிட்ட சொல்றீங்க? அவங்ககிட்ட சொல்லுங்க."

"அடிப்பா."

"அடி வாங்குங்க" என்றேன்.

தொடை வழியாகக் குழாய் செலுத்திப் பார்த்தோம். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற இடது பக்கத்துத் தாய்க்குழாயின் வாயிலேயே அடைப்பு. சுண்ணாம்பு படிந்து கெட்டித்துப்போய், நூல் போல ஒரு வழிதான் மிஞ்சியிருந்தது. இப்படியே மாற்றுச் சிறுநீரக ஆபரேஷனுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் அன்றைக்கு அவர்களிடம் விவரிக்கவில்லை. இங்கேயும் வேண்டாம். இந்த இடத்து அடைப்புக்கு மாத்திரை பேச்சே கிடையாது, பைபாஸ்தான். அது தேறின பிறகுதான் சிறுநீரகம்.

நூர்ஜஹானிடம் சொன்னேன். நெஞ்சைத் திறக்க வேண்டும், ஆபத்து இல்லாமல் இல்லை, ஆனால் இவர் தாங்குவார் என்று என் நம்பிக்கையையும் சேர்த்துச் சொன்னேன். பக்கத்தில் சக்கர நாற்காலியில் இருந்த ஜலீல் பாய், சமயம் பார்த்து, தன் பிரார்த்தனையைப் பற்றிய உண்மையையும் சொல்லிவிட்டார். தைரியசாலிதான்.

அடி விழவில்லை. நூர்ஜஹான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"உடம்பு என்னுது. குடுக்கறது நான். நடுவுல நீங்க யாரு வாணாம்னு சொல்ல? முதல்ல ஹார்ட்டு சரியாவட்டும். கிட்னி எங்கியும் ஓடிடாது, இங்கதான் இருக்கும்" என்று இடுப்பைத் தட்டிக் காண்பித்தார்.



இரண்டு கட்டில்கள்

பைபாஸ் நடந்தது. முதல் சில நாட்கள் சேகரும் நானும் மாற்றி மாற்றி அவர் கட்டிலைச் சுற்றினோம். பிறகு தேறினார். மழைக்காலம் முழுக்க வீட்டில் இருந்தார். பொங்கல் கழிந்து மறுபடி என் முன்னால் வந்து உட்கார்ந்தபோது, அதே மருந்தை ஏற்றி அதே சோதனையைச் செய்தேன். இதயத்தின் எல்லாச் சுவரும் ஒன்றாக இறுக்கிப் பிடித்தன. இவர் தாங்குவார் என்று அப்போது சொன்னேன். சொல்லும்போது எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைத்துக்கொள்ளவில்லை.

சிறுநீரகம் மாற்றிய அன்று எனக்கு அங்கே வேலை கிடையாது. இதயத்துக்கு ஏதாவது என்றால் கூப்பிடுவார்கள், அவ்வளவுதான். இருந்தும் மத்தியானம் ஓபியை முடித்துவிட்டு நேரே அங்கே போனேன். முதலில் நூர்ஜஹான் அறை. மயக்கம் அரைகுறையாகத் தெளிந்து, உதடு காய்ந்து, கண்ணைத் திறக்கவும் மூடவுமாக இருந்தார். என்னைப் பார்த்ததும் விரலால் கூப்பிட்டார். குனிந்தேன்.

"வேல செய்யுதா?"

"பாத்துட்டு வந்து சொல்றேன்" என்றேன்.

ஜலீல் பாயைக் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் வைத்திருந்தார்கள். கவுன், முகமூடி எல்லாம் மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். மானிட்டரில் இதயம் என் மனம் போலவே ஓடிக்கொண்டிருந்தது. கட்டிலுக்குக் கீழே தொங்கிய பையைக் குனிந்து பார்த்தேன். வருஷக்கணக்காகச் சிறுநீர் கழிக்காத மனிதர். பை பாதிக்கு மேல் நிறைந்து, குழாயில் இன்னும் இறங்கிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் நின்ற சேகர் முகமூடிக்குள் சிரித்தார். கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

நான் திரும்பி வந்தபோது நூர்ஜஹான் தூங்காமல், வாசலையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"பிரமாதமா வேல செய்யுது. பை ரொம்பிட்டு இருக்கு" என்றேன்.

அவர் ஒரு மூச்சு விட்டார். வலியில் முகம் சுளித்தது. அப்படியும் விடவில்லை.

"செய்யாம பின்ன?" என்றார். "என்னுதாச்சே."